ஃபில்டருக்குக் காற்றடித்தவர்

ஜூன் 27, வெள்ளி

வண்டி இன்று மேடு ஏறவில்லை. கல் உடைத்து மணலாக்குகிற கிரஷரில் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு வரும்போது, எப்போதும் மூன்றாவது கியரில் முனகாமல் ஏறுகிற ரயில்வே பாலத்து மேட்டில், முதல் கியருக்கு இறங்கியும் திணறியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிட்டான். கண்ணாடியில் பார்த்தால் ரோடு தெரியவில்லை, கறுப்புப் புகைதான் தெரிந்தது.

ஓட்டியது நான். "க்ளச்ச எப்ப விடறதுன்னே உனக்குத் தெரீல புள்ள" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குற்றப்பத்திரிகை. எனக்கு லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஹெவி லைசென்ஸ் வாங்கிய அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவரும் அவர்தான். அவர் என்றால் என் வீட்டுக்காரர் அர்த்தநாரி. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு டிப்பர். காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் நான் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். வருடப் பிறப்புக்கு உதிரிபாகக் கடையில் கொடுத்த இந்த டைரியில் வண்டிச் சங்கதி மட்டும் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

அவருக்கு இருமல் விடவில்லை. பீடியால்தான். பீடியை விட்டு எத்தனையோ காலமாகிறது. இருந்தாலும் பீடியால்தான்.

ஜூன் 30, திங்கள்

இன்று ஒரே நாளில் இரண்டு தடவை ஃபில்டருக்குக் காற்றடித்தார். வண்டி இழுக்காததற்கு அதுதான் அவர் செய்கிற வைத்தியம்.

கிரஷர் எடைமேடைக்குப் பக்கத்தில், டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒரு கம்ப்ரசர் கிடக்கிறது. கடைசி லோடுக்கு வரிசையில் நிற்கும்போது அவர் இறங்கிப் போவார். கேபினுக்குப் பின்னால் இருக்கிற டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை எடுப்பார். குடம் உயரத்துக்கு மடிப்பு மடிப்பாக இருக்கும். என்ஜின் இழுக்கிற காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். அதை டயரில் நாலு தட்டு தட்டி, கம்ப்ரசர் ஹோஸை உள்ளே விட்டு, ஒரு மடிப்பு விடாமல் ஊதுவார். கல் மாவு எழும்பி ஆளையே மூடிவிடும். திரும்பி வரும்போது புருவம், மீசை, காது மயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தூசி ஆகாது.

மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காத்தடி அண்ணன்'. கேலிக்கு வைத்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. புதிதாக வண்டி எடுத்தவர்கள் அவரிடம் வந்து, எப்படித் தட்டுவது, எப்படி ஊதுவது என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். "வண்டிக்கு மூச்சு நல்லா இருந்தாத்தான் இழுக்கும்" என்பார். இவ்வளவு பார்த்தும் நம் வண்டி இழுக்கவில்லையே என்பதுதான் அவருக்கு ஆற்றாமை. சோறு கூட சரியாக இறங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இழுத்துக்கொண்டு போனேன் என்று எழுதுவதுதான் சரி. அவர் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அவர் கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

கல் தூசி இரண்டு பக்க நுரையீரலிலும் போய்ப் படிந்து வடுவாகிவிட்டதாம். போனது திரும்பாதாம். இனிமேல் தூசிப் பக்கமே தலை வைக்காமல் இருந்தால் இப்படியே ரொம்ப காலம் இருக்கலாமாம். "இல்லேன்னா?" என்று கேட்டேன். "அதுக்கு மருந்து இல்லம்மா" என்றார். பிறகு, "நீங்களும் ஒரு படம் எடுத்துக்கங்க" என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

அவர் கேட்டார். நெஞ்சுச்சளி என்றேன். உண்மையைச் சொன்னால் ஆள் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் கிரஷரை விடமாட்டார். எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வண்டிச் சங்கதி: இடது பக்கம் பின் டயர் ஒன்று மாற்றவேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல். நான் மட்டும் வண்டியை மெக்கானிக் இன்னாசி அண்ணன் பட்டறைக்குக் கொண்டு போனேன். சங்ககிரியில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து இவரிடம்தான்.

என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் புகை வந்தது. பிறகு ஃபில்டர் டப்பாவிலிருந்து என்ஜினுக்குப் போகிற ரப்பர் பைப்பைக் கழற்றினார்.

"உள்ள விரல விட்டுப் பாருங்க தங்கச்சி."

விட்டேன். திருநீறு தொட்டதுபோல் விரல் முழுக்க மாவு.

"இது ஃபில்டரத் தாண்டுன பக்கம். இங்க தூசியே இருக்கக்கூடாது."

ஃபில்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த இருட்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்தி, கை விளக்கை ஃபில்டருக்குள் விட்டார். காகிதம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

"காத்தடிச்சே கிழிஞ்சிருக்குது. டயர்ல தட்டித் தட்டி விளிம்பும் நெளிஞ்சு, டப்பாவோட ஒட்டவே இல்ல. பேப்பர் மேல கொஞ்சம் தூசி படிஞ்சாத்தான் தங்கச்சி அது நல்லா வடிகட்டும். படிஞ்ச தூசியே பொடித் தூசிய நிறுத்தும். அண்ணன் அத ஒரு நாள் கூட நிக்க விடல. லைனர், பிஸ்டன், ரிங்கு எல்லாம் அரஞ்சு போச்சு. டர்போவும் போச்சு."

"கவனிக்காம விட்டிருந்தா?"

"இன்னும் நாலு வருசம் ஓடிருக்கும்."

முதலில் அவர்மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. வண்டியை இப்படிப் பார்த்துக்கொண்ட மனுசன் இந்த ஊரில் கிடையாது. அவர் ஊதிய தூசியில் பாதி வண்டிக்குள் போயிருக்கிறது. மீதி எங்கே போனது என்று நான் எழுதவேண்டியதில்லை.

"ஏனுங்ணா, அவருகிட்ட இதச் சொல்லிப்போடாதீங்க" என்றேன். "கேட்டா டீசல்ல கலப்படம்னு சொல்லுங்க."

இன்னாசி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஜூலை 9, புதன்

டீசல் கலப்படம் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார். சாயங்காலம் வரை டீசல் போட்ட பங்க்காரனின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டிருந்தார். பாவம், அந்த ஆள்.

ஜூலை 14, திங்கள்

என்ஜினை இறக்கிப் பிரித்தாகிவிட்டது. இனி போடுவதை நல்லதாகப் போடவேண்டும் என்று இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். ஃபில்டரில் சண்டை.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, பழைய வண்டிகளில் வருகிற ஆயில் ஃபில்டர். காற்று ஆயில் தொட்டியில் முட்டித் திரும்பும், தூசி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது துணி ஃபில்டர், கழுவிக் கழுவிப் போடலாம். மூன்றாவது பெரிய டப்பா. ஒரு காகிதத்துக்குள் இன்னொரு காகிதம், மேலே தொப்பி மாதிரி ஒரு கிண்ணம். காற்று அதற்குள் சுழலும்போதே பெருந்தூசி வெளியே விழுந்துவிடும்.

அவர் கண் துணி ஃபில்டரைவிட்டு நகரவில்லை. "இதப் போடலாம் புள்ள. தெனமும் கழட்டிக் கழுவிப்போடலாம். கையில வேல இருக்கும்."

"அதான் வேண்டாங்கறேன்."

"ஏன் வேண்டாம்?"

"கிரஷர் மாவுக்குத் துணி நிக்காதுங்க. காகிதந்தான் வேணும். ரெண்டு காகிதம்."

"உனக்கு ஆரு சொன்னது?"

கடைக்காரரிடம் திரும்பி, அந்த மூன்றாவது டப்பாவையும் ஹோஸுக்குப் போடுகிற ஸ்டீல் கிளாம்பையும் எடுக்கச் சொன்னேன். டீசலில் தண்ணீர் பிரிக்கிற கிண்ணமும் எடுத்தேன். கலப்படம் என்று சொன்னபிறகு அதை வாங்காமல் வந்தால் சந்தேகம் வரும். ஒரு பொய்க்கு ஒரு சாமான் செலவு. நல்லவேளை, அது எப்படியும் வேண்டிய சாமான்தான்.

வெளியே வந்ததும் அவருக்கு இருமல். கடை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

கேபின் கதவுக்குப் புது ரப்பர் போடச் சொன்னேன். காற்றுப் புகாத மாதிரி. உள்ளே சின்ன ஏசியும், அதற்கு ஒரு ஃபில்டரும்.

"கல்லு லோடுக்கு ஏசியா? ஊரே சிரிக்கும்" என்றார்.

"எனக்கு வேர்க்குதுங்க. வயசாகுதில்ல" என்றேன்.

"அதென்ன, நேத்து வரைக்கும் வேர்க்காதது இன்னிக்கு வேர்க்குது?" என்று கேட்டுவிட்டு, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "செரி, போட்டுக்க" என்றார். இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிறவர் இல்லை. உடம்பு அசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. நல்ல நாள் என்று இன்றைக்கே என்ஜினை ஓட்டிப் பார்த்தோம். சத்தம் அடங்கி, பட்டுப்போல் ஓடியது. அவர் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு.

இன்னாசி அண்ணன் ஃபில்டர் டப்பாவின் மேல் ஒரு கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குமிழ் பொருத்தினார். "இது பச்சையா இருக்கற வரைக்கும் டப்பாவத் தொறக்கவே கூடாதுங்ணா. செவப்பு வந்தா மட்டும் மாத்தணும். காத்தடிக்கறது, தட்டறது ஒண்ணும் கிடையாது. நேராப் புதுசுதான்" என்று அவரிடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்கு?" என்றார் அவர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வண்டி நன்றாக இழுக்கிறது. ஆயில் குடிப்பது நின்றுவிட்டது.

அவரை வீட்டில் இருங்கள் என்று தினமும் சொல்கிறேன். தினமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஏறிவிடுகிறார். ஏசி போட்டிருக்கிறாயே, பார்க்கவேண்டாமா என்கிறார். உட்கார்ந்தால் சரி, கதவைத் திறக்காமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் வரிசையில் நிற்கும்போது அவருக்கு இருப்புக்கொள்வதில்லை. இறங்கிப் போய் அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மேலே துணியால் துடைக்கிறார். ஆடிக் காற்று வேறு கல் மாவை அள்ளி அள்ளி வீசுகிறது.

"உள்ள சேருது புள்ள. எனக்குத் தெரியுது" என்றார்.

டப்பாவின் கொக்கிகளில் கம்பி சுற்றி ஈயம் வைத்தேன். கம்பெனி சீல், அறுத்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொல்வதில் கைதேர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எடைச்சீட்டு வாங்க ஆபீசுக்குள் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஆள் சீட்டில் இல்லை. கம்ப்ரசர் பக்கம் வெள்ளைப் புகை. கம்பியை அறுத்து, வெளி ஃபில்டரைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக ஊதிக்கொண்டிருந்தார். புருவம் வெளுத்து, கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும், பிடிபட்டதுபோல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது.

"டீசலும் இல்ல, கலப்படமும் இல்ல! நீங்க ஊதி ஊதித்தான் இஞ்சின் போச்சு! கிழிஞ்ச ஃபில்டரப் போட்டுப்போட்டு அத்தன மாவையும் உள்ள அனுப்பிச்சீங்க! அதக் கொன்னது போதாதா? உங்களையும் கொன்னுக்கணுமா?"

கம்ப்ரசர் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது. ஹோஸைக் கீழே போட்டார். அது தரையில் கிடந்து துள்ளிக்கொண்டே இருந்தது. அவர் வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இதைச் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன். சொல்லவேண்டிய முறையிலாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

பேசவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

சாப்பிட்டார். பேசவில்லை. வண்டிக்கும் வரவில்லை. வெளி ஃபில்டரை மாற்றிப் புதுசு போட்டேன். உள் ஃபில்டர் சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லோடு இறக்கிவிட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. இன்னாசி அண்ணன் போன் செய்தார். "அண்ணன் இங்கதான் இருக்காருங்க. மெதுவா வாங்க."

பட்டறைக்குப் பின்னால் அந்த இருட்டு அறையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே எங்கள் பழைய ஃபில்டர். அதற்குள் விளக்கு. கழித்துப் போட்டதை இன்னாசி அண்ணனிடம் கேட்டுத் தேடி எடுக்க வைத்திருக்கிறார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபில்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"சேலைக்கடியில நீ வெச்சிருக்கற படத்துலயும் இப்படித்தான். வெள்ளை வெள்ளையாப் புள்ளி."

"எப்பப் பாத்தீங்க?"

"நீ வெச்ச மறுநாளே. சளிக்கு எதுக்குப் படத்த ஒளிச்சு வெக்கோணும்? எனக்கும் கிரஷர்ல நாலு பேரத் தெரியும் புள்ள. இருமி இருமிப் போனவங்களத் தெரியும். நீ தெரிஞ்சுட்டே எங்கிட்ட மறைக்கறன்னு புரிஞ்சுது. செரி, வண்டி மறுபடி மேடு ஏறட்டும், நீ தனியா ஓட்டற அளவுக்குத் தேறட்டும், அதுவரைக்கும் நானும் சளின்னே இருந்துக்கறேன்னு இருந்துட்டேன். அது ஒண்ணும் எனக்குப் பெருசாத் தெரீல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஆனா இஞ்சினு என்னாலதான்னு தெரியாது புள்ள. அது மட்டும் எனக்குத் தெரியாது."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னாசி அண்ணன் வெளியே ஏதோ இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இந்தத் தடவை அவர் என்னை ஈரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு எத்தன வாரம் புள்ள?" என்றார். டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி, எனக்கு ஒன்றும் இல்லை என்றார். நான் நம்பவில்லை, மறுபடியும் கேட்டேன். ஒன்றும் இல்லை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியை ஏற்றி வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார்.

அவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "இனிமே நான் கிரஷர் பக்கம் வர்ல" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னது.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று தனியாகப் போனேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் திட்டு விழும் என்று காது எதிர்பார்த்தது.

கடைசி லோடுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சடையப்பன் வண்டி. மேட்டூர்ப் பக்கத்துக்காரர், போன வருடம் சொந்தமாக எடுத்தது. இறங்கிப் போய் ஃபில்டரைக் கழற்றி, டயரில் தட்டினார். இன்னும் இரண்டு பேர் தங்கள் ஃபில்டரோடு கம்ப்ரசருக்குக் காத்திருந்தார்கள்.

"காத்தடி அண்ணன் வரலீங்களா அக்கா?" என்றார் சடையப்பன். "பாருங்க, அண்ணன் சொல்லிக்குடுத்த மாதிரியே ஒரு மடிப்பு விடாம அடிக்கறேன்."

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இறங்கினேன். சொன்னால், உங்க வீட்டுக்காரர்தானே சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். அவரை அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. அவருக்கே போன் போட்டேன். இங்கே நடப்பதைச் சொன்னேன்.

பிறகு, "ஸ்பீக்கர்ல போடு புள்ள" என்றார்.

போட்டேன். போனை உயர்த்திப் பிடித்தேன். ஊதிக்கொண்டிருந்த சடையப்பனும் மற்ற இருவரும் அண்ணன் குரல் என்றதும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்கள்.

"சடையப்பா, நான் அர்த்தநாரி பேசறேன். நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது தப்பு. எல்லாமே தப்பு. காத்தடிச்சு நான் என்ற வண்டியவும் கெடுத்துப்போட்டேன், என்ற நெஞ்சையும் கெடுத்துப்போட்டேன். ஒருத்தரும் அடிக்காதீங்க."

"என்னங்ணா? கேக்கலீங்ணா! கம்ப்ரசர் ஓடுது!" என்று சடையப்பன் கத்தினார்.

"நிறுத்தச் சொல்லு புள்ள. மறுபடி சொல்றேன்."

சடையப்பன் ஓடிப்போய் கம்ப்ரசரை அணைத்தார். எடைமேடைப் பக்கம் அத்தனை அமைதியாகி நான் பார்த்ததில்லை. போனில் அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மூச்சை இழுத்தார், அது பாதியில் நின்றது, மறுபடி இழுத்தார். சுற்றி நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.